மறுப்பு சொல்றவன் கையில் சங்கிலி

1991-இல் நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம் நில அளவராகச் சேர்ந்தேன். எனக்கு நிலம் அளக்கும் சங்கிலி பிடிக்க வந்தவர் தாயகம் திரும்பிய குடும்பத்துப் பிள்ளை. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையின் பதுளையிலிருந்து வந்தவர்கள். அப்பா டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டினார், அம்மா கொழுந்து பறித்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் கடைசிவரை சார் என்றுதான் கூப்பிட்டார்.

ஆடி மாத மழையில் சேரம்பாடிப் பக்கம் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், பாதி நாள் ஒதுங்கி நிற்பதிலேயே போய்விடும். அப்படி ஒரு லைன் வீட்டுத் தாழ்வாரத்தில், காலில் ஏறிய அட்டையை உப்புத் துணியால் தட்டிக்கொண்டே சொன்னார்: "நான் கழகத்துல இருந்தவன் சார்." ஏதோ கட்சியைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது புளொட்டை, தமிழீழ மக்கள் விடுதலைக் கழகத்தை. 1983 கலவரச் செய்தி கேட்டுக் கொதித்துப்போய், அடுத்த வருஷம் ஒரத்தநாடு பக்கம் இருந்த முகாமுக்குப் போனாராம். இதை என்னிடம் சொல்லவே அவருக்கு இரண்டு வருஷம் ஆனது. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, சிலோன்காரர் என்றாலே போலீஸ் இரண்டு தடவை பார்த்த காலம் அது.

"எங்க தலைவரும் நம்ம வேலைக்காரர்தான் சார். சர்வேயர்."

அந்த ஒரு வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. உமா மகேஸ்வரன், இயக்கப் பெயர் முகுந்தன். இலங்கை நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர். விடுதலைப் புலிகளின் தலைவராக இருந்து, 1980-இல் பிரபாகரனோடு முறித்துக்கொண்டு வெளியே வந்து புளொட்டைத் தொடங்கினார். 1982 மே 19 அன்று சென்னை பாண்டி பஜாரில் இரண்டு பேரும் எதிரெதிரே வந்தபோது துப்பாக்கிகள்தான் பேசின. சில வருஷம் முன்பு ஒரே குழுவில் உட்கார்ந்து பேசியவர்கள்!

பிரிந்து வந்த இயக்கமும் உள்ளுக்குள் பிரியத் தொடங்கியது. கேள்வி கேட்டவர்கள் மேல் சந்தேகம் விழுந்தது. முகாம்களில் சொந்தத் தோழர்களே கொல்லப்பட்டார்கள். உயிருக்குப் பயந்து வெளியேறிய சிலர் தீப்பொறி என்று தனிக்குழு ஆனார்கள். 1988 நவம்பரில் மாலத்தீவு ஆட்சியைக் கவிழ்க்க புளொட் ஆட்கள் போனார்கள். இந்தியப் படை இறங்கி அதை முறியடித்தது. மறு வருஷம் ஜூலை 16 அன்று கொழும்பில் உமா மகேஸ்வரனைச் சுட்டவர்களும் அவர் இயக்கத்திலிருந்தே வந்தவர்கள்.

அண்ணன் அவரைத் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி, பேசியதில்லை. அவர் மனதில் நின்றது தலைவர் இல்லை, முகாமில் பக்கத்துப் பாயில் படுத்திருந்த, இலங்கை மலையகத்து ஹட்டன் பையன். சாப்பாட்டுக் கணக்கைப் பற்றி ஒரு கூட்டத்தில் எழுந்து ஏதோ கேட்டானாம். இரண்டு நாள் கழித்து ராத்திரி வந்து கூப்பிட்டார்கள். விடிந்து பார்த்தால் பாய் மட்டும் கிடந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. "நானும் கேக்கல சார்." அன்றைக்கு அதற்கு மேல் பேச்சில்லை. மழை விட்டதும் சங்கிலியை எடுத்தார். ஒவ்வொரு கண்ணியாக விரலால் சேறு வழித்துவிட்டுத்தான் விரித்தார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. உட்பிரிவு செய்யப் போகும் இடத்தில் யார் சத்தம் போட்டுத் தகராறு செய்கிறாரோ, அவர் கையில்தான் சங்கிலியின் மறுமுனையைக் கொடுப்பார். "மறுப்பு சொல்றவன் கையில குடுங்க சார், அவனே இழுத்துப் பாக்கட்டும்." ஒரு தடவை தேயிலைத் தோட்டம் பிரித்துக்கொள்ள வந்த அண்ணன் தம்பி. எட்டு வருஷமாகப் பேச்சில்லை. தம்பி அரிவாளோடு வந்து நின்றான். எங்கள் சங்கிலிக்கார அண்ணன் பேசாமல் போய்ச் சங்கிலியை நீட்டினார். அதைப் பிடிக்க அரிவாளைக் கீழே வைத்துத்தானே ஆக வேண்டும்? வைத்தான். முதல் கோட்டில் இரண்டு கண்ணி இடிக்கிறது என்றான். திரும்ப இழுத்தோம், அவன் சொன்னது சரி. புல வரைபடத்தைத் திருத்திக்கொண்டு கல் போட்டோம்.

எங்கள் வேலையில் இப்படித்தான். பக்கத்துப் பட்டாதாரருக்கு நோட்டீஸ் போகும். ஒப்பவில்லை என்றால் மறு அளவீடு கேட்கலாம், அதுவும் சரியில்லை என்றால் கோட்டாட்சியரிடம் போகலாம். இழுத்தடிக்கிறார்கள் என்று ஜனங்கள் திட்டுவார்கள், நானும் சலித்துக்கொண்டதுண்டு. ஆனால் அந்த ஹட்டன் பையன் போய்ச் சொல்ல ஒரு கதவு இல்லையே என்று நினைக்கும்போது நெஞ்சு அடைத்துக்கொள்ளும். நிலத்தை அளந்த மனிதர் நடத்திய இடத்தில் எப்படி அது இல்லாமல் போனது? ஆயுதம் எடுத்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் என்று சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. நியாயம் கேட்டுத்தான் அத்தனை பிள்ளைகளும் போனார்கள், எங்கள் அண்ணன் உட்பட.

அவர் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. இப்போது எங்களுக்கு டோட்டல் ஸ்டேஷன் என்கிற மின்னணு அளவைக் கருவி வந்துவிட்டது, இழுக்கச் சங்கிலி இல்லை. போன மாதம் தேவாலாவில் ஒரு பெரியவர், "நீங்க அளக்கறது எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்று கத்தினார். அந்தக் கருவி குறிபார்க்கும் பிரிசம் கம்பை அவர் கையில் கொடுத்து, எல்லை எது என்று அவர் நினைக்கிறாரோ அங்கே போய் நிற்கச் சொன்னேன்.