சிவப்பு மூடி ஊசியும் எங்கள் முத்துவும்

முதலில் காட்டிக்கொடுத்தது எறும்புதான். கொல்லையில் எங்கள் பூனை முத்து மூத்திரம் போன இடத்தில் சிற்றெறும்பு கறுப்பாக மொய்த்துக் கிடந்தது. அத்தை பார்த்துவிட்டு, "உங்க மாமாவுக்கு சுகர்னு தெரிஞ்சதும் இப்படித்தாம்மா. இதுக்கும் ஒருதரம் ரத்தம் பாத்துரு" என்றார். முத்துவுக்குப் பத்து வயது, கருத்தடை செய்த ஆண் பூனை. ஆறு கிலோ இருந்தவன் நாலரைக்கு வந்திருந்தான். தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகர்வதில்லை. பின்னங்கால் குதி தரையில் படியப் படிய நடந்தான். ரத்தம், சிறுநீர் இரண்டும் பார்த்ததில் சுகர் உறுதியானது. கிளார்ஜின் இன்சுலின், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு யூனிட். ஊசி போடுவதை டாக்டரே சொல்லிக்கொடுத்தார். அது கஷ்டமே இல்லை, அவன் சாப்பிடும்போது தோளுக்குப் பின்னால் தோலைத் தூக்கிப் போட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

கோளாறு நடந்தது மருந்துக் கடையில். சீட்டில் இன்சுலின் பெயர் இருந்தது, "1 யூனிட்" என்று இருந்தது, எந்த ஊசி என்று இல்லை. கடைத் தம்பியிடம் "இந்த மருந்துக்கு இந்த ஊசிதானா?" என்று கேட்டேன். "எல்லாம் ஒரே இன்சுலின் ஊசிதாங்க்கா" என்று ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தான். சிவப்பு மூடி. எனக்கு அப்போது அதன் அர்த்தம் தெரியாது.

தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் மனிதர்களுக்கு வரும் குப்பி இன்சுலின் பலவும் மில்லிக்கு 40 யூனிட். அதற்கான ஊசிக்குச் சிவப்பு மூடி. கிளார்ஜின் மில்லிக்கு 100 யூனிட், அதற்கு ஆரஞ்சு மூடி ஊசி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் "ஒரு யூனிட்" என்று இழுத்தால், உள்ளே போவது இரண்டரை யூனிட். நான் நான்கு வேளை அப்படித்தான் போட்டேன்.

மூன்றாம் நாள் மதியம் ஒரு மணி இருக்கும். அத்தை கூடத்திலிருந்து கூப்பிட்டார். "இன்னாம்மா இது, குடிச்சவன் மாரி நடக்குது?" முத்து சுவரில் உரசிக்கொண்டு நின்றான், தலை ஆடியது, கூப்பிட்டால் கண் திரும்பவில்லை. மாமா சுகர் பார்க்கும் மீட்டரை எடுத்து, எப்படிக் குத்துவது என்றே தெரியாமல் காது ஓரத்தில் குத்தினேன். 38. சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. தேனை விரலில் தொட்டு ஈறில் தடவினேன். வாய்க்குள் ஊற்றக் கூடாது, மயக்கத்தில் இருக்கும் பூனைக்குப் புரையேறிவிடும். பத்து நிமிடத்தில் நக்க ஆரம்பித்தான். அதன்பின் கோழிக்கறி கொடுத்து, கூடையில் வைத்து, டாக்டரிடம் ஓடினோம். ஊசிக் கட்டைப் பார்த்ததும் டாக்டர் முகம் மாறிவிட்டது. சீட்டில் ஊசியின் வகையையும் எழுதி வாங்கிக்கொண்டுதான் அன்று வெளியே வந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மருந்துப் பெட்டியில் இருக்கும் எண்ணும் ஊசி மேல் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே நின்று பாருங்கள்.

அன்றைக்கு முடிவு செய்தேன், இனி வீட்டிலேயே காதில் குத்தி சுகர் எண் பார்க்காமல் ஊசி இல்லை.

முதல் வாரம் நரகம். குத்தினால் ரத்தம் வராது, வந்தால் முடியில் பரவிவிடும், அதற்குள் அவன் தலையை உதறுவான். மீட்டரில் செருகி ரத்தம் தொடும் ஸ்ட்ரிப், ஒரு வேளைக்கு நான்கு வீணானது. இப்போது ஒரே குத்தில் வருகிறது, வித்தியாசம் சூட்டில்தான். பழைய காலுறையில் ஒரு பிடி அரிசி போட்டு முடிந்து, தவாவில் லேசாகச் சுட வைத்து, என் கன்னத்தில் வைத்துப் பார்த்து, பிறகு அவன் காதில் ஒரு நிமிடம் வைக்கிறேன். காது இளஞ்சிவப்பாகிவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓரத்தை ஒட்டி ஒரு நரம்பு ஓடுவது தெரியும். அந்த நரம்பில் குத்தக் கூடாது. நரம்புக்கும் காது ஓரத்துக்கும் நடுவே இருக்கும் சின்ன இடைவெளியில் குத்த வேண்டும். காதுக்குப் பின்னால் மடித்த பஞ்சு வைத்துக்கொண்டால் நம் விரலும் தப்பும். வாசலினைப் பட்டும் படாமல் தடவினால் ரத்தம் பரவாமல் கடுகு மாதிரி உருண்டு நிற்கும். ஸ்ட்ரிப் நுனியைத் தொட்டால் அதுவே இழுத்துக்கொள்ளும். பிறகு பஞ்சால் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், காது கன்றாது. ஸ்பிரிட் வேண்டாம். அந்த வாசனைக்கே ஓடிவிடுவான், ஈரம் கலந்தால் எண்ணும் தப்பாகும்.

ஸ்ட்ரிப் விஷயத்தில் ஒரு நாள் முழுக்க அலைந்தேன். மாமாவின் பழைய மீட்டர் நின்றுபோனதால் மலிவாகக் கிடைத்த ஒன்றை வாங்கினேன். அதற்கு ஸ்ட்ரிப் காட்பாடியில் இல்லை, வேலூர் லாங் பஜார் பக்கம் நான்கு கடை ஏறி இறங்கியும் இல்லை. கடைசியில் வேறு மீட்டரே வாங்கினேன். முதலில் ஸ்ட்ரிப் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துவிட்டு மீட்டர் வாங்குங்கள். குறைந்த ரத்தம் கேட்கும் மீட்டராகவும் பாருங்கள். இன்னொரு டப்பா ஸ்ட்ரிப் வண்டி டிக்கியில் இரண்டு மணி நேரம் இருந்தது. மே மாத வேலூர் வெயில், கேட்க வேண்டுமா? அத்தனையும் எர்ரர். இன்சுலினை ஃபிரிட்ஜ் கதவில் வையுங்கள், ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் எதற்கும் ஆகாது.

குத்தாமலே சுகர் காட்டும், உடம்பில் ஒட்டும் சென்சாரும் போட்டுப் பார்த்தோம். 14 நாள் இருக்க வேண்டியது மூன்றாம் நாளே கட்டிலுக்கடியில் கிடந்தது.

மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். மனித ரத்தத்தில் சர்க்கரையில் கணிசமான பங்கு சிவப்பணுக்களுக்குள் இருக்கும், பூனைக்குப் பெரும்பகுதி வெளியே பிளாஸ்மாவில். அதனால் எந்த மீட்டரில் பார்க்கிறோம் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தினமும் ஒரே மீட்டரில் பார்த்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது நன்றாகவே தெரியும்.

அதுதான் எங்களைக் காப்பாற்றியது. ஒரு மாதம் கழித்துக் காட்டப் போனோம். ஆட்டோவில் பாலாற்றுப் பாலம் தாண்டி, கிரீன் சர்க்கிள் நெரிசலில் அரை மணி நேரம். கூடைக்குள் முத்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. அங்கே பக்கத்தில் ஒரு நாய். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சுகர் அதிகமாக இருக்கிறது, டோஸை ஏற்ற வேண்டும் என்றார்கள். எனக்கு வயிறு கலங்கியது. என் மீட்டரைக் கையோடு கொண்டு போயிருந்தேன். அங்கேயே, அவன் நடுங்கிக்கொண்டிருக்கும்போதே காதில் குத்தினேன். 352. கிளம்புவதற்கு முன் வீட்டில் அதே மீட்டரில் 168. டாக்டரிடம் நோட்டைக் கொடுத்தேன். முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை இரண்டு மணிக்கு ஒருமுறை எடுத்த எண்கள் அதில் இருந்தன: 241, 205, 150, 112, 118, 163, 220. டாக்டர் இரண்டு முறை படித்தார். பயத்தில் பூனைக்கு சுகர் இப்படி எகிறும் என்றார், டோஸில் கை வைக்கவில்லை. "இதே மாதிரி எழுதிட்டு வாங்கம்மா" என்றார். ஆட்டோவில் திரும்பும்போது அழுதேவிட்டேன். அன்று அந்த நோட்டு இல்லாமல் போயிருந்தால் இன்னொரு 38 பார்த்திருப்போம்.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் சோறு நின்றது. பத்து வருடமாகப் பால் சோறும் மீன் குழம்புச் சோறும் தின்றவன். இப்போது டாக்டர் சொன்ன மாவுச்சத்துக் குறைந்த ஈர உணவும், உப்பு மசாலா போடாமல் வேகவைத்த கோழியும்தான். அத்தைக்குத்தான் மனசு கேட்கவில்லை, ஒருநாள் ஒரு உருண்டை ஊட்டிவிட்டார். மதியம் எண் பார்த்துவிட்டு நோட்டை அவரிடமே காட்டினேன். அன்றிலிருந்து நோட்டில் எழுதுவது அவர்தான்.

சாப்பிடாத வேளையில் ஊசி போடாதீர்கள், டாக்டருக்குப் போன் செய்யுங்கள். எண் வழக்கத்தைவிடக் குறைந்திருந்தாலும் அப்படியே. ஒரு நாள் எண் ஏறிவிட்டது என்று நீங்களாக டோஸை ஏற்றாதீர்கள்.

இப்போது காலை ஆறே முக்காலுக்கு அரிசிக் காலுறையை எடுத்தாலே முத்து பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிடுகிறான், குத்தியதும் கோழித்துண்டு வரும் என்று தெரியும். குதி தூக்கி நடக்கிறான், நேற்று ஜன்னல் திட்டுக்கே தாவினான். டோஸ் அரை யூனிட்டுக்கு வந்துவிட்டது, அதற்கு அரை யூனிட் கோடு போட்ட ஆரஞ்சு மூடி ஊசியை ஆன்லைனில் வரவழைக்கிறோம். எண்கள் இப்படியே நின்றால் அடுத்த வாரம் ஊசி இல்லாமல் விட்டுப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அத்தை நோட்டில் அந்தப் பக்கத்துக்கு இப்போதே கட்டம் போட்டு வைத்திருக்கிறார்.