அஞ்சு பத்து வருஷம்

"அப்பாவோட மறதிக்கு இந்த குளோத்தோ ஊசி நம்ம ஊருக்கு எப்போ வரும், டாக்டர்?"

"அஞ்சு பத்து வருஷம் ஆகும்மா" என்றேன்.

அந்தப் பெண் தன் அப்பாவின் பிரஷர் நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்தில் 5–10 என்று எழுதினார். கீழே அப்பாவின் வயது 73-ஐக் கூட்டினார். 78, 83.

அந்தக் கூட்டல்தான் இன்னும் உறுத்துகிறது.

வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள், வேறென்ன சொல்வது? குளோத்தோ ஒன்றும் வாட்ஸப் புரளி இல்லை, முதுமையோடு தொடர்புள்ள, உடம்பில் சுரக்கும் ஒரு புரதம். 1997-இல் ஜப்பானில் குரோ-ஓ என்ற ஆய்வாளரின் குழு கண்டுபிடித்தது. அந்தப் புரதம் இல்லாத எலிகள் ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்து, கிழடு தட்டி, இரண்டே மாதத்தில் செத்தன. அதிகமாகச் சுரக்கவைத்த எலிகள் 20–30 சதவீதம் கூடுதலாக வாழ்ந்தன. 2023-இல் வயதான ரீசஸ் குரங்குகளுக்கு ஒரே ஒரு ஊசி. இரண்டு வாரம் நினைவுச் சோதனைகளில் தேறின. அவர் ஃபோனில் காட்டிய செய்தியும் இதுதான்.

ஆனால் அவை பக்கவாதம் வந்த குரங்குகள் இல்லை. இவருடைய அப்பாவுக்கு மூன்று சின்ன ஸ்ட்ரோக். ஒவ்வொன்றுக்கும் ஒரு படி இறங்கியிருக்கிறார். மூளையில் செத்த இடத்தை எந்தப் புரதம் எழுப்பும்? அதைச் சொல்லியிருக்கலாம். "எனக்குத் தெரியாதும்மா" என்றாவது சொல்லியிருக்கலாம். அஞ்சு பத்து என்பது கணக்கே இல்லை, எழுந்து போகச் சொல்லும் ஒரு வழி.

இன்னொன்றும் இருக்கிறது. ஊசியைக் கேட்பதற்கு முன்னால், "அப்பாவுக்கு கிட்னி வீக்குன்னீங்களே, மறதிக்கு அதுவும் காரணமா?" என்று கேட்டிருந்தார். குளோத்தோ பெரும்பாலும் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. அது கெட்டால் இதுவும் குறையும். அன்று வந்ததிலேயே நல்ல கேள்வி அது. காதில் விழாத மாதிரி மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் மறுபடி வந்தார்கள். முன்பு பாதி காலியாக இருக்கும் நோட்டில், இப்போது காலை மாலை இரண்டு வேளையும் நீல மையில் எண்கள், ஒரு நாள்கூட விடாமல். கடைசி வரி 130/80. மூளை ரத்தக்குழாய்க்கு இன்றைக்கு நம் கையில் இருக்கும் முக்கிய மருந்து, பிரஷரை இப்படி அடக்கி வைப்பதுதான். 83-ஐ நம்பித்தான் இவ்வளவு ஒழுங்கா, இல்லை வீட்டில் புது மெஷின் வாங்கியதாலா? கேட்கவில்லை. "நல்லா பார்த்துக்கிறீங்கம்மா" என்று மட்டும் சொன்னேன்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பாமலே நோட்டைக் கொடுத்துவிட்டேன்.