ஐந்து தந்தியும் சுருதி ஏறிய இரவு

போன நத்தாருக்கு முந்தின கிழமை, கல்லடியில் கரோல் இரவு. இரண்டாவது பாட்டின் நடுவில் என் கிற்றாரின் மூன்றாம் தந்தி அறுந்தது. மிச்சம் ஐந்து இருக்கிறதே, சமாளிக்கலாம் என்று அடுத்த கோர்டை அடித்தேன். ஐந்தும் சுருதி ஏறிக் கத்தின. கீபோர்ட் தம்பி பார்த்த பார்வை இருக்கிறதே! பிறகென்ன, வொலியூமைப் பூச்சியத்தில் வைத்துக் கையை மட்டும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து பின்மூடியைக் கழற்றினேன். ஃபெண்டர் கம்பனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மின்கிற்றாரின் மலிவுப் பிரதி, பாவித்த சாமான். உள்ளே மூன்று ஸ்பிரிங். சித்திரை விளையாட்டில் கயிறிழுப்பார்களே, அதே கதைதான். தந்திகளின் அடிமுனை பூட்டியிருக்கும் பிரிட்ஜை ஒரு பக்கம் ஆறு தந்திகளும் மறுபக்கம் ஸ்பிரிங்குகளும் இழுத்துக்கொண்டு நிற்கின்றன. தந்திப் பக்கம் ஒரு ஆள் விழுந்தால் ஸ்பிரிங் வென்றுவிடும். பிரிட்ஜ் பின்னுக்குச் சரியும், மிச்சத் தந்திகள் இன்னும் இறுகும்.

1954 இல் லியோ ஃபெண்டர், பிரிட்ஜில் செருகிய கைக்கம்பியால் ஆட்டும் இந்த அமைப்பை ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பூட்டி ‘ட்ரெமலோ’ என்று பெயர் வைத்தார். ட்ரெமலோ என்றால் சத்தம் கூடிக் குறைவது. இந்தக் கம்பி ஆட்டுவதோ சுருதியை, அது விப்ராட்டோ. போதாக்குறைக்கு, சத்தத்தை ஆட்டும் ஃபெண்டர் அம்ப்ளிபயர்கள் பலவற்றில் ‘விப்ராட்டோ’ என்று எழுதியிருக்கும்!

பைலாவுக்கு வாசிக்கும் பக்கத்து வீட்டு அங்கிள், “மரக்கட்டையச் செருகி இறுக்கி விடு மனே, உனக்கென்னத்துக்கு அது?” என்றார். பெரிய கிற்றார்காரர் எரிக் கிளாப்டனும் அப்படி அடைத்தவர்தான். எனக்கு மனம் வரவில்லை. மெதுவான பாட்டின் கடைசிச் சுரத்தைக் கம்பியால் லேசாக நடுங்கவிடும் சுகத்தை யார் விடுவார்?

சரி, ஸ்பிரிங்கை இறுக்குவோம் என்றால், அதைப் பிடித்திருக்கும் இரண்டு ஆணியும் கடற்காற்றில் கறள் பிடித்து அசையவில்லை. அம்மாவின் தையல் மெஷின் எண்ணெயை விட்டு ஒரு இரவு வைத்தேன். காலையில் அரைச் சுற்று, பிறகு டியூன், மறுகா அரைச் சுற்று. பிரிட்ஜ் பலகையோடு ஒட்டி உட்கார மத்தியானம் ஆகிவிட்டது. இனிக் கம்பியால் சுருதியை இறக்க மட்டும்தான் முடியும், ஏற்ற முடியாது. பரவாயில்லை. கழுத்தின் நுனியில் தந்திகளைத் தாங்கும் ‘நட்’ துண்டின் பள்ளங்களில் 2பி பென்சிலையும் தேய்த்தேன், தந்தி சிக்காமல் வழுக்க.

புதுத் தந்தி போட்டு, அதை நானே தொங்கத் தொங்கத் தளர்த்திவிட்டு மற்ற ஐந்தையும் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. அந்தக் கறள் ஆணிகளை மட்டும் இன்னும் மாற்றவில்லை.