குளிர்ந்த காற்று ஏன் வந்தது

காட்பாடியில் ஏசி பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கும் எனக்கு, இந்தத் தொழிலில் 26 ஆண்டுகள் ஆகின்றன. கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் காலை ஏழு மணியிலிருந்து ஃபோனில் ஒரே வாக்கியம்தான் வரும்: "காத்து வருது, ஆனா ஜில்லுனு இல்ல." போன தை மாதத்தில் ஒரு நாள் காலை, அந்த வாக்கியம் தலைகீழாக வந்தது. பேசியவள் அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் என் அக்கா மகள். "மாமா, காத்து வருது, ஆனா ஜில்லுனு வருது." இங்கே காலை எட்டு மணி, அங்கே முந்தைய நாள் இரவு எட்டரை. வீட்டுக்கு வெளியே சுழியத்துக்குக் கீழே 22 டிகிரி. கணவர் வெளியூரில் இருந்தார், கையில் ஏழு மாதக் குழந்தை, பழுது பார்க்கும் ஆள் மறுநாள் மதியம்தான் வர முடியும் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் ஃபர்னஸ் என்ற கருவியை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. வீடு முழுவதையும் சூடாக்க ஓர் இயந்திரம் வேண்டும் என்ற நிலை வேலூரில் யாருக்கும் வராது. அதை அவளிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு, முதலில் வீட்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைப் பார்க்கச் சொன்னேன். அதில் ஃபேன் 'ஆன்' நிலையில் இருந்தால், நெருப்பு எரியாத நேரத்திலும் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது வரும் காற்று குளிராகத்தான் தோன்றும். அவள் வீட்டில் அது 'ஆட்டோ'வில்தான் இருந்தது. பிறகு நிலவறைக்கு இறங்கி, ஃபர்னஸின் கதவில் இருக்கும் சிறு கண்ணாடித் துளை வழியாக உள்ளே ஏதேனும் விளக்கு மின்னுகிறதா என்று வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அந்த விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்பதுதான் பழுதைச் சொல்லும் குறியீடு. மின்சாரத்தை அணைத்துவிட்டால் சில கருவிகளில் அந்தக் குறியீடு அழிந்துவிடும் என்பதை ஏசியின் மின்சுற்றுப் பலகைகளில் பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். விளக்கு விட்டு விட்டு மின்னியது. அதன் பிறகே சுவிட்சை அணைத்து, கதவைக் கழற்றி, உட்புறம் ஒட்டியிருந்த மின்சுற்றுப் படத்தையும் குறியீட்டு அட்டவணையையும் படமெடுத்து அனுப்பினாள்.

பட்டறையில் டீ ஆறிப்போக, அந்தப் படத்தோடு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் குளிர் கூடியதும் தெர்மோஸ்டாட் 24 வோல்ட் கம்பி வழியாகச் செய்தி அனுப்புகிறது. உடனே நெருப்பு பற்றிவிடுவதில்லை. முதலில் புகையை வெளியேற்றும் சிறு மோட்டார் சுற்ற வேண்டும். அது உண்மையிலேயே இழுக்கிறது என்பதை ஓர் அழுத்த சுவிட்ச் உறுதி செய்ய வேண்டும். பிறகு பற்றவைக்கும் துண்டு செக்கச்செவேல் என்று பழுக்க வேண்டும். அதன் பின்தான் கேஸ் வால்வு திறக்கிறது. நெருப்பு பற்றியதும், அதற்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய உலோகக் கம்பி, தீச்சுடர் வழியாக ஓடும் சில மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டத்தை அளந்து, 'தீ இருக்கிறது' என்று பலகைக்குச் சொல்கிறது. சில நொடிகளுக்குள் அந்தச் சொல் வராவிட்டால் வால்வு மூடிக்கொள்ளும். இவ்வளவும் சரியாக நடந்து, தீ சுடும் உலோக அறை சூடேறிய பிறகுதான் பெரிய ஃபேன் சுற்றி வெப்பக் காற்றை அறைகளுக்குத் தள்ளுகிறது. ஒவ்வொரு படியிலும் முந்தைய படி முடிந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போகிறது. எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

விளக்கு மின்னிய எண்ணிக்கையை அட்டவணையில் தேடியபோது 'லிமிட் சுவிட்ச் திறந்திருக்கிறது' என்று இருந்தது. உள்ளே அளவுக்கு மீறிச் சூடேறினால் கேஸை நிறுத்துவதற்கென்று வைத்திருக்கும் காவல் அது. கேஸை நிறுத்திவிட்டு, அந்தச் சூட்டைத் தணிப்பதற்காக ஃபேனை மட்டும் ஓடவிடுகிறது. அக்கா மகளுக்குக் குளிர்ந்த காற்றாக வந்தது இயந்திரம் தன்னைக் காத்துக்கொண்ட காற்று. ஃபர்னஸ் குளிர்ந்து கெடவில்லை, கொதித்துப்போய் நின்றிருந்தது.

அப்படியானால் சூடு ஏன் வெளியேறவில்லை? ஃபில்டரை உருவச் சொன்னேன். வெள்ளையாக இருக்க வேண்டியது சாம்பல் நிறக் கம்பளியைப் போல வந்தது. வீட்டுக் காற்று திரும்பிச் செல்லும் பெரிய சல்லடைத் துளையின் மேல், குழந்தை தவழ்வதற்காக ஒரு தடித்த விரிப்பையும் போட்டிருந்தாள். குளிர்காலத்தில் ஓர் அங்குல ஃபில்டரை மாதம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அது அக்டோபரில் போட்டது. பிரிக்காத புதியது ஒன்று அலமாரியிலேயே இருந்தது. மாட்டி, விரிப்பை நகர்த்தி, சுவிட்சைப் போட்டாள். இரண்டு நிமிடத்தில் "மாமா, சூடு வந்துடுச்சு" என்றபோது அவள் குரலும் மாறியிருந்தது.

இதே இடத்தில் எங்கள் தொழிலில் நடக்கும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காற்று வந்தும் குளிரவில்லை என்றால், ஃபில்டரைக் கழற்றிக்கூடப் பார்க்காமல் 'கேஸ் போயிடுச்சு' என்று சொல்லி, சிலிண்டரைத் தூக்கி வருபவர்கள் நம் ஊரில் உண்டு. ஏசிக்குள் இருக்கும் கேஸ் பெட்ரோலைப் போலத் தீர்ந்துபோவதில்லை. எங்காவது கசிந்தால்தான் குறையும். கசிவைக் கண்டு அடைக்காமல் கேஸ் ஏற்றுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக் காசு வாங்குவது.

ஆனால் அந்தக் காலையில் எனக்கு உறுத்தியது வேறு. நான் தொழில் கற்றுக்கொண்டிருந்த மூன்றாம் ஆண்டு. வேலூரில் பெரிய மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில், வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வருபவர்கள் வாரக்கணக்கில் தங்கும் விடுதிகள் நிறைந்திருப்பது ஊருக்கே தெரியும். அவற்றில் ஒன்றில், மே மாதப் பகல் ஒன்றில், அறுவை சிகிச்சை முடிந்து வந்த ஒரு பெரியவரின் அறையில் ஏசி வெறும் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். கம்ப்ரசரின் தலையில் இருக்கும் ஓவர்லோடு என்ற காவல் சுவிட்ச், சூடு தாங்காமல் இணைப்பைத் துண்டித்திருந்தது. ஆறினால் ஓடும், கால் மணி நேரத்தில் மறுபடி நிற்கும். கீழே அவருடைய மகன் கைகூப்பி நின்றார், முதலாளி அவசரப்படுத்தினார். நான் அந்த ஓவர்லோடைத் தாண்டி வயரை நேரடியாக இணைத்துவிட்டேன். அறை குளிர்ந்தது. அவர்கள் எனக்கு நன்றி சொன்னார்கள். ஐந்தாம் நாள் கம்ப்ரசருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயில் எரிந்து, அந்த அறை முற்றிலும் பயனற்றுப் போனது. நோயாளியை நடு இரவில் வேறு விடுதிக்கு மாற்றினார்கள். உண்மைக் காரணம் கண் முன்னே இருந்தது. குறுகலான சந்துக்குள் அவுட்டோர் யூனிட்களை ஒன்றையொன்று பார்த்தபடி மாட்டியிருந்தார்கள். ஒன்று துப்பிய வெந்த காற்றை மற்றது விழுங்கிக்கொண்டிருந்தது. யூனிட்டைத் திருப்பி மாட்டி, அதில் சூட்டை வெளியே விடும் கண்டன்சரைக் கழுவியிருந்தால் போதும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அன்று என்னை அடிக்கவோ திட்டவோ இல்லை; எரிந்த கம்ப்ரசரை அறுத்து, கருகிய காயிலை என் கையில் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். அந்த நெடி இன்னும் நினைவிருக்கிறது.

அதனால்தான் அக்கா மகளிடம், மறுபடியும் நின்றால் சுவிட்சை அணைத்துப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன். லிமிட் சுவிட்ச் திரும்பத் திரும்பத் திறந்துகொள்ளுமளவுக்குச் சூடேறும் ஃபர்னஸில், தீயையும் வீட்டுக் காற்றையும் பிரிக்கும் உலோகச் சுவர் விரிசல் விடலாம்; விரிசல் வழியாகக் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரக்கூடும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. அதைக் காட்டிக்கொடுக்கும் அலாரம் வேலை செய்கிறதா என்று அன்றே பொத்தானை அழுத்திப் பார்க்க வைத்தேன்.

மூன்றாம் நாள் இரவு மறுபடி ஃபோன். இம்முறை தீ பற்றுகிறது, நான்கைந்து நொடிகளில் அணைகிறது, மூன்று முறை முயன்றுவிட்டு நின்றுவிடுகிறது. குறியீடும் வேறு. தீயை உணரும் அந்தக் கம்பியின் மேல் படிவு ஏறியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தீ எரிந்தாலும் கம்பியால் அதைச் சொல்ல முடியவில்லை. ஒரே திருகு, கழற்றி, மெல்லிய எஃகு நாரால் தேய்த்து மாட்டினால் தீரும் வேலை என்று இணையத்தில் வீடியோக்கள் பல இருந்தன. "நானே பண்ணிடட்டுமா மாமா?" என்று கேட்டாள். நீண்ட நேரம் யோசித்து, வேண்டாம் என்றேன். ஃபில்டர் மாற்றுவது வீட்டுக்காரர் வேலை. கேஸ் எரியும் அறைக்குள் கை வைப்பதை, அந்தக் கருவியைத் தொட்டே பார்க்காத நான் பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து சொல்லிக்கொடுப்பது சரியில்லை என்று பட்டது. அன்றிரவு குழந்தையோடு பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு ஆந்திரக் குடும்பத்தின் வீட்டில் தங்கினாள்.

காலையில் வந்த டெக்னீசியன் கம்பியைக் கழற்றித் தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் மின்னோட்டத்தை அளந்து காட்டினாராம். ஒன்றுக்கும் கீழே இருந்தது மூன்று மைக்ரோ ஆம்பியருக்கு மேல் ஏறியது. உலோகச் சுவரில் விரிசல் இல்லை என்பதையும் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அவர் முதலில் அளந்து, பிறகு தொட்டார் என்பதைக் கேட்டபோது, முகம் தெரியாத அந்த மனிதர் மேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டாயிற்று.

இப்போது ஃபில்டருக்கு ஒரு நாள் குறித்தாகிவிட்டது. அக்கா பௌர்ணமி தவறாமல் திருவண்ணாமலைக்குக் கிரிவலம் போகிறவள். வேலூர்ப் பேருந்து நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும்போது மகளுக்கு ஃபோன் போட்டு, ஃபில்டரைப் பார்த்தாயா என்று கேட்ட பிறகுதான் பேருந்தில் ஏறுகிறாள்.