வென்ட் பைப் போல ஓர் ஆண்டெனா: மொட்டைமாடி நாட்குறிப்பு

பிப்ரவரி 2, 2025

திருவான்மியூரில் நான்கு மாடிக் குடியிருப்பு. மொட்டைமாடியில் 28 மெகாஹெர்ட்ஸில் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காகப் பேசும் அமெச்சூர் வானொலி) பேச ஓர் ஆண்டெனா வேண்டும். தெருவில் போகிறவர், வடாம் காயவைக்க மேலே வருகிறவர், யார் கண்ணையும் அது உறுத்தக் கூடாது.

முதலில் சட்டம். 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிடிசன் பேண்டுக்கு 5 வாட் வரை உரிம விலக்கு உண்டு. அது குறைந்த சக்திக் கருவிகளுக்கான சலுகை. வெளி ஆண்டெனா போட்டுத் தூரம் பேச நினைப்பவர் ஹாம் தேர்வு எழுதிவிடுவதே நேர்வழி. தொடக்க நிலை உரிமமான ரெஸ்ட்ரிக்டெட் கிரேடிலேயே 28 முதல் 29.7 மெகாஹெர்ட்ஸ் வரை 50 வாட்டில் பேசலாம். பக்கத்துப் பேண்டுதான் என்பதால் கம்பியின் நீளமும் ஏறக்குறைய அதேதான்.

அடுத்தது அசோசியேஷன். மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. கண்ணில் படாமல் வைப்பது வேறு, சொல்லாமல் வைப்பது வேறு. இடம், உயரம், கேபிள் இறங்கும் வழி மூன்றையும் ஒரு தாளில் வரைந்து, செயலாளரிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பிறகு யார் வீட்டு டிவி கோளாறானாலும் பேச ஒரு காகிதம் இருக்கும்.

பிப்ரவரி 5

எதைப் போல இருக்க வேண்டும் என்று முடிவு செய்தால் பாதி வேலை முடிந்தது. நம் மாடிகளில் ஏற்கெனவே என்ன நிற்கிறது? தண்ணீர் டேங்க், டிஷ், துணிக்கொடி, செப்டிக் டேங்க் வென்ட் பைப். இவற்றில் ஒன்றைப் போல இருந்தால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள்.

துணிக்கொடியையே ஆண்டெனாக் கம்பியாக்குவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. இரண்டு காரணங்களால் வேண்டாம். கொடி 2 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். கீழே கம்பி பின்னிய கான்கிரீட் தளம். 10 மீட்டர் அலைக்கு இது மிகத் தாழ்வு என்பதால், சிக்னலில் பெரும்பகுதி நேராக வானத்துக்குப் போய்விடும். இரண்டாவது, டைபோலின் (நடுவில் கேபிள் இணைத்த, இரண்டு பாதிகள் கொண்ட ஆண்டெனா) முனைகளில்தான் மின்னழுத்தம் அதிகம். 50 வாட்டிலேயே ஈரக் கையால் தொட்டால் சுடும். துணி காயப்போடும் இடத்தில் அதை வைக்கவே கூடாது.

பால்கனி கிரில்லில் காருக்கான குட்டைக் கம்பி வைக்கலாம், வேலை செய்யும். ஆனால் வீட்டின் எல்.ஈ.டி. விளக்கு, இன்வர்ட்டர், லிஃப்ட் மோட்டார் என எல்லா இரைச்சலுக்கும் நடுவில் அது உட்கார்ந்திருக்கும். மாடிக்குப் போக வழியே இல்லாதவருக்கு மட்டும் அது.

மிச்சம் வென்ட் பைப். உள்ளே, கேபிளாலேயே செய்த செங்குத்தான அரை அலை ஆண்டெனா, அதாவது அலை நீளத்தில் பாதி நீளம் கொண்டது. தாழ்வான கோணத்தில், எல்லாத் திசைக்கும் சிக்னல் போகும். அடியில் விரிக்கும் தரைக்கம்பிகள் தேவையில்லை.

பிப்ரவரி 9

கணக்கு: 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரை அலை நீளம் மீட்டரில் வரும். 28.4-க்கு 5.04 மீட்டர். கேபிளின் மேலுறையும் பைப்பின் பி.வி.சி.யும் சேர்ந்து அலையைச் சற்று மெதுவாக்குவதால், உண்மையில் தேவைப்படுவது இதைவிடச் சில சதவீதம் குறைவு. ஆனாலும் நீளமாகவே வெட்டி, மாடியில் நிறுத்திய பிறகு நறுக்க வேண்டும்.

ரிச்சி தெருவில் வாங்க வேண்டியவை: ஆர்.ஜி.58 கேபிள் 8 மீட்டர், ஒரு பி.எல்.259 கனெக்டர், பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் குழாய்), தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப். கேபிளை ஓரிடத்தில் கீறிப் பார்த்து வாங்குங்கள். மேலுறைக்கு அடியில் இருக்கும் கம்பிப் பின்னலான வலை பாதி காலியாக இருக்கும் மலிவுச் சரக்கு நிறைய புழங்குகிறது. உள்ளே இருக்கும் வெள்ளை பாலிதீன் தெரியாத அளவுக்கு வலை நெருக்கமாக இருக்க வேண்டும்.

பிளம்பிங் கடையில்: சாம்பல் நிற பி.வி.சி. பைப் 40 மி.மீ. 3 மீட்டர், 25 மி.மீ. 3 மீட்டர், இரண்டையும் இணைக்க ரெட்யூசர். அடியில் கேபிளைச் சுருளாகச் சுற்ற 110 மி.மீ. பைப்பில் ஒரு முழத் துண்டு, அதற்கு மூடிகள். உச்சிக்கு வென்ட் கௌல் என்னும் மூடி. வெள்ளை எலெக்ட்ரிகல் கண்ட்யூட் வேண்டாம். நம் ஊர் வெயிலில் அது மொறுமொறுவென்று ஆகி உடையும்.

பிப்ரவரி 15

கேபிள் வேலை. ஒரு முனையிலிருந்து 2.60 மீட்டருக்கு மேலுறையையும் வலையையும் உரித்துவிட வேண்டும். நடுக்கம்பியும் அதைச் சுற்றிய வெள்ளை பாலிதீனும் மட்டும் மிஞ்சும். இதுதான் மேல் பாதி. உரித்த இடத்திலிருந்து கீழே 2.45 மீட்டர் கேபிளை அப்படியே விட வேண்டும். அதன் வலையின் வெளிப்புறமே கீழ் பாதி. அதற்கும் கீழே சுருள்.

வலை முடியும் இடம்தான் இந்த ஆண்டெனாவின் உயிர்நாடி. அங்கே ஒரு மயிரிழை திறந்திருந்தாலும், உள்ளே வியர்க்கும் நீரை வலை திரியைப் போல உறிஞ்சிவிடும். கடற்காற்றும் சேர்ந்தால் செம்பு கறுத்து, பச்சை பூத்து, உறைக்குள் வெகுதூரம் இறங்கும். வெளியே எதுவும் தெரியாது. இன்னும் மோசம், எஸ்.டபிள்யூ.ஆர். (திரும்பி வரும் சிக்னலின் அளவைக் காட்டும் எண், 1.0-ஐ நெருங்க நெருங்க நல்லது) முன்பைவிட நன்றாகக் காட்டும்! கேபிள் சிக்னலைத் தின்பதால், திரும்பி வருவதும் குறைகிறது. மீட்டர் நல்லபடியாகக் காட்டி, பேசுபவர் காதில் மட்டும் நாம் மங்கினால் முதலில் இங்கே சந்தேகப்படுங்கள். வலையை 5 மி.மீ. பின்னுக்கு வெட்டி, பிசிர் ஒன்றுகூட நடுக்கம்பிப் பக்கம் நீட்டாமல் பார்த்து, ஹீட் ஷ்ரிங்க், அதன் மேல் ரப்பர் டேப், அதன் மேல் இன்னொரு ஹீட் ஷ்ரிங்க்.

பிப்ரவரி 16

சுருள். 110 மி.மீ. பைப்பின் மேல் 5 சுற்று, நெருக்கமாக, ஒரே அடுக்கில். ஒரு சுற்றுக்கு 36 செ.மீ., மொத்தம் 1.8 மீட்டர். இதன் வேலை, ஆண்டெனா இங்கே முடிகிறது என்று மின்னோட்டத்தைத் தடுப்பது. தடுக்காவிட்டால் வீடு வரை இறங்கும் கேபிள் முழுவதும் ஆண்டெனாவாகிவிடும். மைக்கைப் பிடித்தால் உதடு சுரீரென்னும், வீட்டு இரைச்சலெல்லாம் வலை வழியாக மேலே ஏறும்.

நானோ வி.என்.ஏ. என்ற கையடக்க ஆண்டெனா அளவி இருந்தால் சோதிப்பது எளிது. சுருளின் இரு முனைகளிலும் வலையை மட்டும் எடுத்து, குட்டை வயர்களால் இரண்டு போர்ட்டுக்கும் நடுவில் இணைத்து எஸ்21 (ஒரு போர்ட்டிலிருந்து மற்றதற்குப் போகும் சிக்னலின் அளவு) பார்க்க வேண்டும். வரைகோட்டின் பள்ளம் 28-க்கும் 30 மெகாஹெர்ட்ஸுக்கும் இடையில் விழுந்தால் சரி. கீழே விழுந்தால் சுற்றுகளைச் சற்று விலக்க வேண்டும், மேலே விழுந்தால் இறுக்க வேண்டும். பிறகு கறுப்பு கேபிள் டை. வெள்ளை டை வெயிலில் பொடியாகிவிடும்.

மார்ச் 2

நிறுத்தியாயிற்று. இடம் படிக்கட்டு அறையின் கூரை. டேங்க் கழுவ வருபவரைத் தவிர யாரும் ஏறாத இடம். 50 வாட்டுக்கு ஆள் நடமாட்டத்திலிருந்து 2 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்ற கணக்கும் இதில் அடங்கிவிடுகிறது. டேங்க் கழுவும் நாளில் செட்டை அணைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

சுவரை ஒட்டிக் கட்டினால் உள்ளிருக்கும் கம்பிகள் அலைவரிசையை இழுத்துவிடும். அதனால் பைப் கூரையின் நடுப்பக்கமாக நிற்கிறது. அடித்துண்டு சிமென்ட் பீடத்தில், 3 மீட்டர் உயரத்தில் மூன்று திசைக்கும் காசிமேட்டு மீன்வலைக் கயிறு. கடலுக்கென்றே செய்த கயிறு வெயிலுக்கும் தாங்கும். இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டக் கூடாது. பைப்பின் அடியில் 6 மி.மீ. துளை இரண்டு, வியர்க்கும் நீர் வடிய. பெயின்ட் சாதாரண எக்ஸ்டீரியர் எமல்ஷன். அலுமினியம் கலந்த வெள்ளிப் பெயின்ட் மட்டும் ஆகாது.

டியூனிங்: மேல் பாதி 2.60 மீட்டராக நிறுத்தியபோது எஸ்.டபிள்யூ.ஆர். பள்ளம் 28 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழேதான் இருந்தது. மேல் முனையை மட்டும் நறுக்கினால் போதும். 1 செ.மீ.க்கு ஏறக்குறைய 55 கிலோஹெர்ட்ஸ் மேலே நகரும். இரண்டிரண்டு செ.மீ.யாகப் போய், கடைசியில் அரையரையாக. கௌலைக் கழற்றி, நடுக்கம்பியை மேலே இழுத்து, நறுக்கி, உள்ளே விட்டு, மூடிய பிறகே அளக்க வேண்டும். பைப்புக்கு வெளியே அளந்த எண் உள்ளே போனதும் மாறும். எஸ்.டபிள்யூ.ஆர். 1.5-க்குக் கீழே வந்ததும் நிறுத்திவிடலாம். 1.0 வரை துரத்துவதில் காதுக்கு எந்த லாபமும் இல்லை.

மார்ச் 4

கீழே இறங்கும் கேபிள். 25 மீட்டர் ஓட்டத்துக்கு ஆர்.ஜி.58 சுமார் 2 டெசிபெல் தின்னும், ஆர்.ஜி.213 சுமார் 1. ஆனால் 213 விரல் தடிமன், டிடிஎச் கேபிள்களுக்கு நடுவே பளிச்சென்று தெரியும். கறுப்பு ஆர்.ஜி.6 கிட்டத்தட்ட 213 அளவுக்கே சிக்கனம், பார்ப்பதற்கும் டிடிஎச் கேபிளேதான். 75 ஓம் என்று பயப்பட வேண்டாம். செங்குத்து டைபோலின் எதிர்ப்பும் அதன் பக்கம்தான். அதன் அலுமினிய வலையில் சாலிடர் ஒட்டாது. கம்ப்ரஷன் எஃப் கனெக்டரும், அதை பி.எல்.259-உடன் இணைக்கும் அடாப்டரும் போட வேண்டும். மழைநீர்க் குழாயை ஒட்டியே இறக்கி, ஜன்னலுக்கு முன்னால் ஒரு தொங்கல் விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

மார்ச் 9

28.200 மெகாஹெர்ட்ஸில் பீக்கன்கள், அதாவது அலை எட்டுகிறதா என்று பார்ப்பதற்காகத் தானாக ஒலிபரப்பும் நிலையங்கள். உலகம் முழுக்க உள்ளவை, ஒவ்வொன்றும் 10 வினாடி, 3 நிமிடத்தில் ஒரு சுற்று. அழைப்புக்குறியும் முதல் கோடும் (ஒரு நீண்ட பீப் ஒலி) 100 வாட்டில், அடுத்தவை 10, 1, 0.1 வாட்டில். எத்தனை கோடு கேட்கிறது என்பதே ஆண்டெனாவுக்கு அளவுகோல். கொழும்பின் 4எஸ்7பி பெரும்பாலும் கேட்காது. அது கிட்டத்தில் இருப்பதால் அலை நம் தலைக்கு மேலே தாண்டிவிடும். அதைக் கேட்கவில்லையே என்று கம்பியை நறுக்கிவிடாதீர்கள். பெர்த்தின் வி.கே.6ஆர்.பி.பி., ஹாங்காங்கின் வி.ஆர்.2பி இரண்டையும் பாருங்கள்.

மார்ச் 16

பகலில் மட்டும் இரைச்சல் ஏறி, மாலையில் இறங்கினால் பக்கத்து மாடி சோலார் இன்வர்ட்டரைச் சந்தேகிக்கலாம். நாள் முழுக்க ஒரே சீராக இருந்தால் முதலில் நம் வீட்டு மெயினை அணைத்து, செட்டை பேட்டரியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இறங்கினால் குற்றவாளி உள்ளேதான். ஒவ்வொரு எம்.சி.பி.யாகப் போட்டுப் பார்த்தால் அகப்படும். பெரும்பாலும் மலிவு எல்.ஈ.டி. டிரைவர் அல்லது மொபைல் சார்ஜர்.

மே 18

கோடை இடிமழை தொடங்கிவிட்டது. பைப் பிளாஸ்டிக் என்பதால் மின்னல் விழாது என்று நம்ப வேண்டாம், உள்ளே இருப்பது செம்பு. கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் கேஸ் டியூப் அரெஸ்டர் என்ற மின்னல் தடுப்பான், அதிலிருந்து கட்டடத்தின் எர்த்துக்குத் தடித்த செம்புக் கம்பி. தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டக் கூடாது, இப்போது எல்லாமே பிளாஸ்டிக். மேகம் கறுத்தால் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். அரெஸ்டர் தூரத்து இடிக்குத்தான், நேரடி அடிக்கு அல்ல.

அக்டோபர் 5

வடகிழக்குப் பருவமழைக்கு முன் பார்க்க வேண்டியவை: கயிறு முடிச்சுகள், சிமென்ட் பீடத்தில் விரிசல், அடித்துளைகளில் குளவிக் கூடு. எஃப் கனெக்டரின் ரப்பர் டேப்பைப் பிரித்துப் புதிதாகச் சுற்ற வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் மேல் 25 மி.மீ. பகுதியை ரெட்யூசரில் கழற்றிப் படுக்க வைத்துவிடலாம். அந்த இணைப்பை மட்டும் பசை போட்டு ஒட்டாமல், துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ ஒன்றால் பிடித்திருப்பது இதற்காகத்தான்.