கல்லில் இருக்கும் பொட்டாஷ்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பீடோர் வட்டாரத்தில் எடுத்த வேலை முடிந்து நாளாகிவிட்டது. கல்லின் வயதைக் கணக்கிட்டு அறிக்கையும் கொடுத்தாயிற்று. ஆனாலும் அங்கே செம்பனைத் தோட்டத்தில் பார்த்த ஓர் அம்மாவுக்கு நான் சொன்ன பதில் சரிதானா என்ற சந்தேகம் மட்டும் போகவில்லை.

தோட்டத்து ஓரப் பாறையில் ஃபெல்ஸ்பார் படிகங்களைப் பெயர்த்துக்கொண்டிருந்தோம். கிரானைட்டில் வெள்ளை வெள்ளையாக, சில இடங்களில் விரல் நீளத்துக்குக்கூட இருக்குமே, அதுதான். அதிலுள்ள பொட்டாசியத்தில் ஒரு வகை மிக மெதுவாகச் சிதையும். பாதி சிதையவே 125 கோடி ஆண்டுகள் ஆகும். அதில் ஒரு பங்கு ஆர்கான் வாயுவாகிறது. அதை அளந்தால் கல் எப்போது ஆறியது என்று சொல்லலாம். நான் உற்சாகமாக விளக்க, அந்த அம்மா பொட்டாசியம் என்ற இடத்திலேயே நின்றுவிட்டார். செம்பனைக்கு உரம் போட்டே வயதானவர்.

“செவப்பு உரத்துல இருக்கிற அதே பொட்டாஷா?”

“அதேதாம்மா.”

“அப்ப இந்தக் கல்லையே அரைச்சுப் போட்டா என்ன தம்பி?”

ஒத்துவராது என்றேன். அந்த உரத்தில் பொட்டாஷ் 60 விழுக்காடு, தண்ணீர் பட்டதும் கரையும். சுத்தமான ஃபெல்ஸ்பாரிலேயே 17 விழுக்காட்டைத் தாண்டாது. அதுவும் சிலிக்காவோடும் அலுமினியத்தோடும் இறுகிக் கிடப்பது, லேசில் வெளியே வராது.

“மழை பெஞ்சா ஓடிப்போற உரத்தைவிட மெதுவா விடுறது நல்லதுதானே?”

“கட்டுப்படி ஆகாதும்மா” என்று சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுத்துக்கொண்டேன்.

பாறைத்தூளை உரமாக்கலாம் என்பவர்கள் முன்வைக்கும் முதல் வாதமே அதுதான். அவர் எந்தக் கட்டுரையும் படிக்காமல், மழைநாளில் உரம் போட்டு வீணானதைப் பார்த்தே அங்கே வந்துவிட்டார்.

என் பக்கமும் நியாயம் உண்டு. அவர் நின்ற சிவப்பு மண்ணே மக்கிப்போன கிரானைட்தான். ‘ரெங்கம்’ வகை என்று தோட்டக்காரர்கள் சொல்வார்களே, அதெல்லாம் அப்படி வந்த மண். மழைநீரின் அமிலம் ஃபெல்ஸ்பாரிலிருந்து பொட்டாசியத்தைக் கழுவிக்கொண்டு போக, மிஞ்சியது கயோலின் களிமண். பீடோர், தாப்பா பக்கம் தோண்டி எடுக்கிறார்களே, அந்த வெள்ளைக் களிமண்ணும் இப்படிப் பிறந்ததுதான். கல்லில் இருந்ததெல்லாம் செம்பனைக்குக் கிடைத்திருந்தால் மூட்டை மூட்டையாக உரம் எதற்கு?

இந்தப் பதில் திரும்பி வரும் வழியில்தான் தோன்றியது. தோன்றியபோது திருப்தியாகவும் இருந்தது. அப்புறம் யோசித்தால், அந்த மண் காலகாலமாகக் கழுவப்பட்டது. அவர் கேட்டதோ புதிதாக உடைத்த கல்லின் தூளைப் பற்றி. இரண்டும் ஒன்றா? வெப்பமும் அமிலமும் உள்ள நம் மண்ணில் அது குளிர்நாட்டைவிடச் சீக்கிரம் கரையும் என்பதும் எனக்குத் தெரிந்ததுதான். பிரேசிலில் 2013இல் பாறைத்தூளை உரச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். அவர்களைப் போலவே நாமும் பொட்டாஷை வெளியிலிருந்து வாங்குகிறவர்கள். 2022இல் விலை எங்கேயோ போனபோது, நான் சொன்ன ‘கட்டுப்படி’ எந்த வருஷத்துக் கணக்கு என்று எனக்கே குழப்பம்.

சரி, மூட்டைக் கணக்காவது சொல்லியிருக்கலாம். கிரானைட்டை அப்படியே அரைத்தால் பொட்டாஷ் ஏறக்குறைய 5 விழுக்காடுதான். ஒரு மூட்டை உரத்துக்கு ஈடாக 12 மூட்டை கல்தூள், அதுவும் முழுக்கக் கரைந்தால். தூக்கிச் சுமந்தவருக்கு அது உடனே புரிந்திருக்கும், சிரித்திருப்பார். ஆனால் இப்போது டிராக்டர் வைத்து உரம் வீசும் தோட்டங்களும் இருக்கின்றன. அந்தக் கணக்கும் எத்தனை நாளைக்கு நிற்கும்?

தொட்டியில் சில கன்றுகளை வைத்துச் சோதிக்கலாமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டுப் பார்த்தேன். நமக்குக் கொடுத்த பணம் கல்லின் வயதுக்கு, உரத்துக்கு இல்லை என்றார். உண்மைதான். விவசாயத்துறை நண்பரிடம் கேட்டேன். கல் விஷயமெல்லாம் உங்கள் வேலையாயிற்றே என்கிறார் அவர்.