இரண்டு 3600உம் ஒரு கறுப்புத் திரையும்

சனிக்கிழமை இரவு என் கணினி எழும்ப மறுத்துவிட்டது. விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. பத்து நிமிடத்துக்கு முன்னர்தான் பயோஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் கணினியின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், ஓவர்கிளாக் என்று சிபியுவின் வேகத்தை 4.3 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி, வோல்டேஜை 1.35 என்று போட்டு, போன கையோடு ராமின் வேகத்தையும் 3200இலிருந்து 3600க்குத் தட்டிவிட்டு, சேமிக்க எஃப்10 அமத்தியிருந்தேன். இரண்டையும் ஒரே தடவையில்! திங்கள் காலை ஒரு சாமத்திய வீட்டு வீடியோ கொடுக்க வேண்டும், வெட்டி ஒட்டிய வீடியோவை ஒரே கோப்பாக்கும் ரெண்டர் கொஞ்சம் கெதியாக முடியட்டும் என்ற பேராசைதான்.

அம்மா எட்டிப் பார்த்து, "கறண்ட் வயர் ஒழுங்காக் குத்தியிருக்கோ தம்பி?" என்றா.

என் சிபியு ஏஎம்டியின் ரைசன் 5 3600. எதையும் தொடாமல் விட்டாலே தேவைப்படும் நேரம் ஒரு கோர் 4.2 வரை தானாக ஏறும். எல்லாக் கோர்களையும் கையால் 4.3இல் நிறுத்தி, 40 நிமிட ரெண்டரில் இரண்டு மூன்று நிமிடம் மிச்சம் பிடித்தால் அதுவே அதிகம். இதெல்லாம் கறுப்புத் திரைக்கு முன்னால் இருக்கும்போதுதான் ஞாபகம் வருகிறது.

சிபியு எரிந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். நண்பனுக்கு போன் எடுத்தால் அவன் முதலில் கேட்டது, "மதர்போர்டில சின்ன லைட் நாலு இருக்கெல்லோ, எது எரியுது?" சிபியு, டிராம் (ராம்தான்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் என்று வரிசையாக நான்கு; எதில் சிக்கலோ அது எரிந்தபடி நிற்கும். இரண்டாவது எரிந்தபடியே நின்றது. "அப்ப சிபியுவைத் திட்டாதை மச்சான், ராமை என்ன செய்தனி?"

விஷயம் இதுதான். ராம் 3600இல் ஓட, சிபியுவுக்குள் தரவு போய்வரும் பாதையான இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கும் அதில் பாதி, 1800 மெகாஹெர்ட்ஸில் கூடவே ஓட வேண்டும், ராமின் சிப்புகளும் தாங்க வேண்டும். 3200 என்று எழுதி விற்ற ராமுக்கு 3600 போனால் அதிர்ஷ்டம், அவ்வளவே. சில போர்டுகள் மூன்று தரம் முயன்று தோற்றால் தாமாகவே பழைய நிலைக்குத் திரும்பும். என் போர்டு மூன்று தரம் விழுந்தெழும்பிவிட்டு அப்படியே நின்றது.

சரி, சீமாஸை, அதாவது பயோஸில் போட்டதையெல்லாம் பற்றரியின் தயவில் ஞாபகம் வைத்திருக்கும் நினைவகத்தை, அழிக்க வேண்டும். வயரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அமத்திப் பிடித்தால் மிச்சக் கறண்டும் வடிந்துவிடும். பற்றரி எங்கே என்று தேடினால் கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில்! இதை யார் வடிவமைத்தார்களோ. கார்டைக் கழற்றி, பற்றரியை எடுத்து, சீமாஸ் அழிக்கும் இரண்டு ஊசிகளையும் ஸ்குரூ டிரைவரால் பத்து விநாடி தொட்டுப் பிடித்தேன். எல்லாம் திரும்பப் பூட்டிப் போட்டதும் லோகோ வந்தது. ராம் 2400இல், சிபியு பழையபடி. அப்பாடா.

ஆனால் விண்டோஸ் வரவில்லை. பூட் பண்ண டிஸ்க் இல்லையாம்.

இந்த இடத்தில்தான் ஒன்றரை மணித்தியாலம் போனது. எஸ்எஸ்டி செத்துவிட்டதா என்று கேபிளை மாற்றினேன், இன்னொரு போர்ட்டில் குத்தினேன். பயோஸின் டிஸ்க் பட்டியலில் எஸ்எஸ்டி தெரிகிறது, பூட் வரிசையில் மட்டும் இல்லை. பிறகுதான் பொறி தட்டியது. அந்த விண்டோஸ் என் பழைய கணினியில் எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் முறையில் போட்டது, அது பூட் ஆக பயோஸில் சிஎஸ்எம் என்ற பழைய முறைக்கான வசதியைப் போட்டிருக்க வேண்டும். எப்போதோ நான் போட்டு வைத்ததை, சீமாஸை அழித்தபோது ஓவர்கிளாக்கோடு சேர்த்துத் துடைத்துவிட்டேன். திரும்பப் போட்டதும் விண்டோஸ் எழும்பியது. மணிக்கூடு வருடக்கணக்காகப் பின்னால் போயிருந்ததால் எந்த இணையத்தளமும் பாதுகாப்பில்லை என்று கத்தியது. அதையும் திருத்தினேன்.

மற்ற நாள் ராமுக்கு எக்ஸ்எம்பி மட்டும், அதாவது ராமிலேயே எழுதி வந்த வேகத்தை மட்டும் போட்டு, 3200இல் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடவிட்டேன், பிழையில்லை. அப்புறம் சிபியுவை 4.1, 1.3 வோல்ட். மத்தியானத்தில் என் அறைச் சூட்டுக்கு ரெண்டர் 84 பாகை காட்டியது. இந்தச் சிப்புக்கு எல்லை 95. 4.2ஐத் தொடாமல் விட்டுவிட்டேன். இந்தமுறை ஒவ்வொரு பயோஸ் பக்கத்தையும் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறேன்.

வீடியோ செவ்வாய்தான் போய்ச் சேர்ந்தது. பிள்ளையின் தாய் பார்த்துவிட்டு, பாட்டு பிடிக்கவில்லை, மாற்றித் தரச் சொல்லிவிட்டா.